கணிப்பொறியின் தனியறைகள்: நிறுத்துதலும் மீண்டும் தொடங்குதலும்

நாள்தோறும் காலை 8.30 மணிக்கு நம் நாட்டின் மழைமானி நிலையங்களில் மழையளவு படிக்கப்படுகிறது. படித்த அளவைக் களப்பணியாளர்கள் உரிய அலுவலகத்திற்கு உடனே அனுப்புகின்றனர். அவ்வாறு வரும் எண்களைப் பெற்றுக்கொள்ளும் நிரல் ஒன்று, அவற்றைச் சேமித்து வைக்கும் தரவுத்தளம் ஒன்று, தொகுத்த அட்டவணையைப் பிறர் காணுமாறு வெளியிடும் நிரல் ஒன்று ஆகிய மூன்றும் ஒரே கணிப்பொறியில் இயங்கும் ஓர் அலுவலகத்தை உதாரணமாகக் கொள்வோம். அட்டவணையை வெளியிடும் நிரலில் ஒரு பிழை காணப்பட்டுத் திருத்தப்படுகிறது. திருத்தம் பயன்பெற வேண்டுமாயின் அதனை நிறுத்தி மீண்டும் தொடங்குதல் வேண்டும். ஆயினும் அதன் பொருட்டு மற்ற இரண்டையும் நிறுத்தலாகாது. நிறுத்தினால், அந்நேரத்தில் வந்துகொண்டிருக்கும் மழைக்கணக்கு வாயிலிலேயே திரும்பிப் போய்விடும்.

இத்தகைய தேவையை நிறைவேற்றவே, யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த இயக்க அமைப்புகளில் ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி அறை வகுத்துக் கொடுக்கும் முறை தோன்றியது. அறை அமைக்கும் விதத்தை விளக்கும் நூல்கள் பல உள. அறையை நிறுத்தும் விதத்தைப் பற்றியோ அவை ஓரிரு வரிகளில் கூறி மேலே சென்றுவிடுகின்றன. கள அலுவலகங்களில் தொல்லைகள் பெரும்பாலும் நிறுத்தும்போதுதான் விளைகின்றன. அவை கண்ணுக்குப் புலப்படுவது மீண்டும் தொடங்கும்போது. ஆகவே இக்கட்டுரை நிறுத்துதலுக்கே மிகுதியான இடம் தருகிறது.

அறை தோன்றிய வரலாறு

1979-ஆம் ஆண்டு வெளிவந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் 'சிஹெச்ரூட்' என்னும் ஒரு வசதி இருந்தது. ஒரு நிரலுக்குக் கோப்புகளின் மரம் முழுவதையும் காட்டாமல், அதன் ஒரு கிளையை மட்டும் காட்டி, 'உனக்கு உலகம் இவ்வளவே' என்று கூறுவது போன்றது அது. கோப்புகளைப் பொறுத்தவரையில்தான் இந்த மறைப்பு உண்டு. மற்ற நிரல்களுக்குச் சமிக்ஞை அனுப்புவதையோ வலையமைப்பைக் கையாளுவதையோ அது தடுக்கவில்லை. மேலும் 'ரூட்' எனப்படும் சர்வாதிகாரம் பெற்ற பயனராக ஒரு நிரல் இயங்குமாயின், அந்தக் கிளையை விட்டு வெளியேற வழி தேடிக்கொள்ளவும் அதனால் இயன்றது.

இக்குறைகளை நீக்கி, டென்மார்க் நாட்டைச் சேர்ந்த பால்-ஹென்னிங் காம்ப் என்பவர் 'ஜெயில்' என்னும் அமைப்பை உருவாக்கினார். 2000-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளியான ஃப்ரீ பி.எஸ்.டி. 4.0 பதிப்பில் அது முதன்முதலாக இடம்பெற்றது. அதே ஆண்டு அவரும் ராபர்ட் வாட்சன் என்பவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, எல்லாம் வல்ல ரூட் பயனரையே அடைத்து வைப்பதைப் பற்றியது. பின்னர் சோலாரிஸில் மண்டலங்களும், லினக்ஸில் கொள்கலன்களும் வந்தன. 2013-இல் வெளிவந்த டாக்கர் இக்கருத்தை உலகெங்கும் பரப்பியது. இக்கட்டுரையில் ஃப்ரீ பி.எஸ்.டி. முறையே விளக்கப்படுகிறது. காலத்தால் முந்தியது என்பதோடு, அதன் படிகள் வெளிப்படையாக இருப்பதால் கற்பிப்பதற்கும் அது ஏற்றது. ஜெயில் என்பதற்குச் சிறை என்பதே பொருளாயினும், இங்கு அடைபடுவோர் குற்றவாளிகள் அல்லர்; நாள்தோறும் நமக்கு ஊழியம் செய்யும் நிரல்களே. ஆதலின் 'அறை' என்னும் சொல்லே கீழே ஆளப்படுகிறது.

அறை என்பது கணிப்பொறி அன்று

அறையைப் பார்ப்பவருக்கு அது ஒரு தனிக் கணிப்பொறி போலவே தோன்றும். அதற்கென ஒரு பெயர், ஒரு வலையமைப்பு முகவரி, தனிக் கோப்புகள், தனி ரூட் பயனர் எல்லாம் உண்டு. எனினும் கெர்னல் எனப்படும் இயக்க அமைப்பின் கரு அதற்கெனத் தனியாக இல்லை. தாய்க் கணிப்பொறியின் கெர்னல் ஒன்றே எல்லா அறைகளுக்கும் பொது. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலின் மேலும், அது எந்த அறையைச் சேர்ந்தது என்று கெர்னல் ஓர் எண்ணைப் பொறித்து வைக்கிறது. அந்த எண்ணைக் கொண்டே ஒரு நிரல் யாரைக் காணலாம், யாருக்குச் சமிக்ஞை அனுப்பலாம் என்று தீர்மானிக்கிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை பெறப்படுகிறது. அறைக்கு மின்விசை கிடையாது. அதனை 'அணைப்பது' என்று கூறுவது உபசார வழக்கே. உண்மையில் மூன்று காரியங்கள் நிகழவேண்டும். அறைக்குள் ஓடும் நிரல்கள் முடியவேண்டும். அறைக்காக இணைக்கப்பட்ட கோப்புத் தொகுதிகளும் முகவரியும் விடுவிக்கப்படவேண்டும். கெர்னலின் பேரேட்டில் உள்ள அறையின் பதிவு நீங்கவேண்டும். இம்மூன்றும் ஒருங்கே நிகழும் என்று எண்ணுவதே பிழைகளுக்கெல்லாம் தோற்றுவாய்.

பதிவைப் பற்றி இன்னொன்றும் கூறவேண்டும். சாதாரண அமைப்பில், அறைக்குள் கடைசி நிரலும் முடிந்துவிட்டால் அறையே மறைந்துவிடும். நிரல் ஏதுமின்றியும் அறை நிலைத்திருக்க வேண்டுமாயின், அமைவுக் கோப்பில் 'பெர்சிஸ்ட்' என்னும் சொல்லைச் சேர்த்தல் வேண்டும். ஒரே நிரலுக்காக அமைத்த அறை, அந்நிரல் பிழைபட்டு விழுந்தவுடன் பட்டியலிலிருந்தே காணாமற்போவதன் காரணம் இதுவே. யாரும் அதனை நிறுத்தியிருக்கவேண்டுவதில்லை.

நிறுத்தும் படிகள்

ஃப்ரீ பி.எஸ்.டி. 9.1 பதிப்பு முதல், அறைகளின் விவரங்கள் 'ஜெயில்.கான்ஃப்' என்னும் அமைவுக் கோப்பில் எழுதப்படுகின்றன. 'சர்வீஸ் ஜெயில் ஸ்டாப்' என்னும் கட்டளையின்பின் அறையின் பெயரைக் குறிப்பிட்டால் அவ்வறை நிறுத்தப்படும். கட்டளை ஒன்றாயினும், அதனுள் நிகழ்வன பல.

முதற்கண், நிறுத்துமுன் செய்யவேண்டியன என்று அமைவுக் கோப்பில் ஏதேனும் குறிக்கப்பட்டிருந்தால் அவை தாய்க் கணிப்பொறியில் நிறைவேற்றப்படும். அடுத்து, 'எக்ஸெக்.ஸ்டாப்' என்னும் வரியில் எழுதப்பட்டுள்ள கட்டளை அறைக்குள்ளேயே இயங்கும். வழக்கமாக அது அறையின் மூடுநிரலாகிய 'ஆர்சி.ஷட்டவுன்' என்பதை அழைக்கும். மூடுநிரல் ஒவ்வொரு பணியையும் அததற்குரிய முறையில் முடித்து வைக்கும். தரவுத்தளத்திடம் 'புதிய வேலை ஏற்காதே, கையில் உள்ளதை முடித்து ஏட்டை மூடு' என்று கூறுவது அதுவே.

இந்த வரி தானாக வருவதன்று. பொறுப்பாளர் எழுதினால்தான் உண்டு. அது விடுபட்டிருந்தாலும் அறை நிற்கும், பிழைச் செய்தி ஏதும் வராது. அறை நன்றாகத்தான் நிற்கிறது என்று பல மாதங்கள் நம்பிக்கொண்டிருக்கவும் கூடும்.

மூன்றாவதாக, இன்னும் எஞ்சி ஓடும் நிரல்கள் அனைத்திற்கும் 15-ஆம் எண் சமிக்ஞை அனுப்பப்படுகிறது. 'முடித்துக்கொள்' என்னும் வேண்டுகோள் அது. வேண்டுகோள் என்பதை அழுத்திக் கூறவேண்டும். ஏனெனில் நிரல் அதனைக் கேட்டு ஒழுங்காக முடியலாம், அல்லது கேளாததுபோல் இருந்துவிடலாம். சமிக்ஞை அனுப்பும் கட்டளைக்கு யூனிக்ஸில் 'கில்', அதாவது 'கொல்' என்று பெயரிட்டுள்ளனர். கடிதம் கொடுக்கச் செல்லும் சேவகனுக்குக் கொலைஞன் என்று பெயர் வைத்தது போன்ற விபரீதம் இது. மாணவர்கள் இதனால் குழம்புவதில் வியப்பில்லை.

வேண்டுகோள் விடுத்தபின் காத்திருக்கும் காலம், வேறு குறிக்கப்படாவிடில், 10 நொடி. எல்லா நிரல்களும் 2 நொடியில் முடிந்துவிட்டால் 2 நொடியிலேயே காரியம் முடியும், வீணாகக் காத்திராது. 10 நொடி கழிந்தும் ஏதேனும் ஓடிக்கொண்டிருந்தால், அறையின் பதிவு நீக்கப்படும். எஞ்சிய நிரல்களைக் கெர்னல் 9-ஆம் எண் சமிக்ஞையால் வெட்டி வீழ்த்தும். இச்சமிக்ஞையை எந்த நிரலாலும் தடுக்கவோ ஒத்திவைக்கவோ இயலாது. எழுதிக்கொண்டிருந்த வரி எழுதியவாறே நிற்கும்.

இவ்வாறு வெட்டுண்ட நிரலின் கோப்புகள் என்னவாகும் என்பது அந்நிரலை எழுதியவரின் முன்யோசனையைப் பொறுத்தது. போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்கள், எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதிய பின்னரே ஏட்டில் பதிக்கின்றன. இடையில் உயிர் பிரிந்தாலும், மறுமுறை தொடங்கும்போது நாட்குறிப்பைப் படித்து விட்ட இடத்திலிருந்து சரிசெய்துகொள்ளும். உறுதி செய்யப்பட்ட பதிவுகள் அழியா. ஆனால் அச்சரிபார்ப்பு முடியும்வரை தரவுத்தளம் வினாக்களுக்கு விடை தராது. அலுவலகத்திலேயே யாரோ எழுதிய சிறு நிரல்களின் நிலை வேறு. பழைய கோப்பைத் திறந்து, அதனை வெறுமையாக்கி, அதன்மேல் புதிய அட்டவணை முழுவதையும் எழுதும் நிரல் பாதியில் வெட்டுண்டால், பழையதும் இல்லை, புதியதும் பாதி. புதிய கோப்பொன்றில் முழுதும் எழுதி, வட்டில் பதிந்ததை உறுதிசெய்து, பிறகு பழைய பெயரை அதற்கு மாற்றிக் கொடுப்பதே இதற்குரிய மருந்து. பெயர்மாற்றம் யூனிக்ஸில் பிளவுபடாத ஒரே செயலாக நிகழ்வதால், படிப்பவர் பழையதையோ புதியதையோ முழுமையாகவே காண்பர்.

10 நொடி போதாது என்று தெரிந்தால், அந்த அறைக்கு மட்டும் 'ஸ்டாப்.டைம்அவுட்' என்னும் அளவை உயர்த்தலாம். இக்காலம் மூடுநிரல் முடிந்த பின்னரே எண்ணத் தொடங்குகிறது என்பதை நினைவிற்கொள்க. மூடுநிரலே முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தால் அதற்கு வேறோர் அளவு உண்டு, அது 'எக்ஸெக்.டைம்அவுட்' எனப்படும்.

டாக்கர் கொள்கலன்களிலும் இதே மரபு காணப்படுகிறது: முதலில் வேண்டுகோள், 10 நொடி அவகாசம், பின்னர் வெட்டு. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. ஃப்ரீ பி.எஸ்.டி. அறையில் எல்லா நிரல்களுக்கும் வேண்டுகோள் செல்கிறது. டாக்கரில் கொள்கலனின் முதல் நிரலுக்கு மட்டுமே செல்கிறது. அம்முதல் நிரல், சமிக்ஞையைக் கையாளத் தனி ஏற்பாடு செய்துகொள்ளாவிட்டால், லினக்ஸ் கெர்னல் அச்சமிக்ஞையைச் சேர்ப்பிப்பதே இல்லை. ஒவ்வொரு முறையும் சரியாக 10 நொடி கழித்தே நிற்கும் கொள்கலனைக் கண்டால், அதற்குள் வேண்டுகோளைக் கேட்பார் எவரும் இல்லை என்று ஐயுறலாம்.

நிறுத்தியபின் எஞ்சுவன

அறைகளின் பட்டியலைக் காட்டுவது 'ஜேஎல்எஸ்' என்னும் கட்டளை. நிறுத்தியபின் அப்பட்டியலில் அறையின் பெயர் இல்லையென்றால் எல்லாம் முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அதே கட்டளையுடன் சிறிய 'டி' எழுத்தைச் சேர்த்துப் பார்த்தால், போய்விட்டதாக நினைத்த அறை இன்னும் அங்கே இருப்பதைக் காணலாம். 'டையிங்', அதாவது மரணத்தறுவாய் என்று அந்நிலைக்குப் பெயர். நிரல்கள் எல்லாம் முடிந்துவிட்டன. எனினும் அறையின் பெயரால் திறக்கப்பட்ட ஏதோவொன்றைக் கெர்னல் இன்னும் கையில் வைத்திருக்கிறது. பெரும்பாலும் அது முடிந்துபோன ஒரு வலையமைப்பு இணைப்பாக இருக்கும். மூடப்பட்ட இணைப்பின் தாமதமான செய்திகள் ஏதேனும் வந்து சேரக்கூடும் என்பதால், அதன் நினைவைக் கெர்னல் சிறிது காலம் காக்கிறது. ஃப்ரீ பி.எஸ்.டி.யின் வழக்கமான அளவுப்படி ஒரு செய்தியின் ஆயுள் 30 நொடி. காத்திருப்பது அதன் இருமடங்கு, 60 நொடி.

இந்த நிலை நோயன்று. தானே நீங்கிவிடும், இதற்காகக் கணிப்பொறி முழுவதையும் மறுதொடக்கம் செய்வது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகும். அதே பெயருடன் புதிய அறையை உடனே தொடங்கலாம்; அதற்குப் புதிய எண் கிடைக்கும். பெயர் மாறாதது, எண் மாறுவது. அமைவுக் கோப்பில் எண்ணையும் நிலையாக எழுதி வைத்தவர்களுக்கே தொல்லை. பழைய எண் இன்னும் விடுவிக்கப்படாததால் தொடக்கம் மறுக்கப்படலாம். இதே காரணத்தால், நாள்தோறும் தானாக இயங்கும் காப்புநிரல்களில் அறையை எண்ணால் குறிப்பிடாமல் பெயரால் குறிப்பிடுக.

இதனினும் தொல்லை தருவன, விடுவிக்கப்படாத கோப்புத் தொகுதிகள். பொறுப்பாளர் தாய்க் கணிப்பொறியில் மற்றொரு முனையத்தைத் திறந்து, அறையின் அடைவுக்குள் நின்றுகொண்டு ஏதோ கோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரே இம்முனையத்தில் நிறுத்தும் கட்டளையையும் இடுகிறார். தொகுதியைக் கழற்ற முயலும்போது அது உபயோகத்தில் இருப்பதாகக் கெர்னல் மறுத்துவிடுகிறது. அறை நிற்கிறது, தொகுதி நிற்பதில்லை. மறுமுறை தொடங்கும்போது அதன்மேல் இன்னொன்று ஏற முயலும். சில வகைத் தொகுதிகள் ஏறிவிடும், சில வகை பிழை கூறித் தொடக்கத்தையே தடுக்கும். ஆகவே நிறுத்தியபின், 'மவுண்ட்' கட்டளையின் பட்டியலில் அவ்வறையின் பாதை எதுவும் எஞ்சவில்லை என்று பார்த்துக்கொள்ளுதல் நலம். இதற்கு ஒரு நிமிடமும் ஆகாது.

இங்கு இரண்டு எழுத்துகளைப் பற்றி எச்சரிக்கை தேவை. 'ஜெயில்' கட்டளையுடன் சிறிய 'ஆர்' எழுத்தைச் சேர்த்தால், அமைவுக் கோப்பைப் படித்து மேற்கூறிய படிகள் யாவும் முறையாக நிகழும். பெரிய 'ஆர்' எழுத்தைச் சேர்த்தால் அமைவுக் கோப்பே படிக்கப்படாது. மூடுநிரல் இயங்காது, கோப்புத் தொகுதிகளும் முகவரியும் விட்டபடியே இருக்கும். அறையின் பதிவு மட்டும் நீங்கும். அமைவுக் கோப்பு சிதைந்துபோய் வேறு வழியில்லாத போது அது உதவும். விசைப்பலகையில் ஒரு விரலின் பிசகு இவ்விரண்டையும் வேறுபடுத்துகிறது என்பது வருந்தத்தக்கது.

அமைவுக் கோப்பைத் திருத்துவதிலும் ஒரு முறை உண்டு. ஓடும் அறையின் முகவரியை மாற்றவேண்டியிருக்கிறது. பொறுப்பாளர் கோப்பில் புதிய முகவரியை எழுதிவிட்டு 'ரீஸ்டார்ட்' என்கிறார். நிறுத்தும் படி, இப்போது கோப்பில் உள்ளதையே படிக்கும். அதில் இருப்பது புதிய முகவரி. பழைய முகவரியை நீக்குமாறு சொல்ல அங்கே யாரும் இல்லை. அது வலையமைப்பு அட்டையில் ஒட்டிக்கொண்டே இருக்கும். முதலில் நிறுத்துக, பிறகு திருத்துக, பிறகு தொடங்குக.

எது முன், எது பின்

தொடக்கத்தில் கூறிய உதாரணத்தில் அறைகள் மூன்று: தரவுத்தளம், பெறுநிரல், வெளியீடு. தரவுத்தளம் இல்லாமல் மற்ற இரண்டும் பயனற்றவை. இத்தொடர்பை 'டிபெண்ட்' என்னும் சொல்லால் அமைவுக் கோப்பில் குறிக்கலாம். குறித்தால், தொடங்கும்போது தரவுத்தளம் முதலில் எழும். நிறுத்தும்போது சார்ந்தவை முதலில் நின்று, தரவுத்தளம் கடைசியில் நிற்கும். தரவுத்தளத்தின் அறையை மட்டும் நிறுத்தச் சொன்னாலும் சார்ந்த அறைகள் அதற்குமுன் நிறுத்தப்படும் என்பதை அறிந்திராதவர், மழைக்கணக்கு ஏன் வரவில்லை என்று நண்பகல்வரை தேட நேரும். வேலை முடிந்தபின் பட்டியலில் மூன்று பெயர்களையும் எண்ணிப் பார்த்துக்கொள்க.

அறை தொடங்கிவிட்டது என்பதற்கும் பணிக்கு ஆயத்தமாகிவிட்டது என்பதற்கும் வேற்றுமை உண்டு. தொடக்க நிரல் முடிந்தவுடன் அறை தொடங்கியதாகக் கொள்ளப்படுகிறது. அப்போது தரவுத்தளம் தன் நாட்குறிப்பைப் படித்துக்கொண்டிருக்கலாம். அடுத்த அறை வந்து கதவைத் தட்டும், விடை வராது, அந்நிரல் ஒருமுறை முயன்று கைவிடும் இயல்பினதாயின் அதோடு நின்றுவிடும். ஆகவே சார்ந்த நிரல்கள், விடை வரும்வரை இடைவிட்டுத் திரும்பத் திரும்ப முயலுமாறு எழுதப்படுதல் வேண்டும். தொடக்கம் சரியா என்று சோதிக்கப் பட்டியல் போதாது; ஒரு சோதனைப் பதிவை அனுப்பி, அது அட்டவணையில் வருகிறதா என்று பார்ப்பதே முடிவான சோதனை.

கணிப்பொறி முழுவதையும் நிறுத்தும்போது

மின்தடை அடிக்கடி நேரும் இடங்களில் இப்பகுதியே மற்றெல்லாவற்றினும் முக்கியமானது. தாய்க் கணிப்பொறி மூடப்படும்போது அறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்படுகின்றன. ஆனால் மூடுவேலை முழுவதற்கும் ஃப்ரீ பி.எஸ்.டி. விதித்துள்ள வழக்கமான காலவரம்பு 90 நொடி. அறைக்கு 10 நொடி வீதம் 12 அறைகள் என்றால் 120 நொடி. வரம்பு கடந்ததும் மூடுநிரல் இடையிலேயே நிறுத்தப்பட்டு, எஞ்சிய அறைகளில் உள்ள நிரல்கள் ஒழுங்கான மூடுதல் இன்றி முடிக்கப்படும். எவை எஞ்சும் என்பது வரிசையைப் பொறுத்தது. தரவுத்தளம் வரிசையின் இறுதியில் இருந்தால் இடர் அதற்கே.

இதற்குத் தீர்வு, ஒவ்வோர் அறையும் நிற்க ஆகும் காலத்தை ஒருநாள் பொறுமையாக அளந்து, கூட்டி, அதற்கேற்ப 'ஆர்சிஷட்டவுன்_டைம்அவுட்' என்னும் அளவை உயர்த்துவதே. ஆனால் இவ்வளவையும் மின்கலத்தின் திறனோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். மூடுவதற்கு 4 நிமிடம் தேவை. மின்கலம் 3 நிமிடமே தாங்கும் என்றால், அமைவுக் கோப்பில் எழுதும் எண்ணால் பயனில்லை. மூடும் வேலையை முன்கூட்டியே தொடங்குமாறு மின்கலத்தின் எச்சரிக்கையை அமைப்பது ஒரு வழி. 10 நொடியும் வீணே காத்திருக்கும் அறையைக் கண்டுபிடித்துச் சீர்செய்வது அதனினும் நல்ல வழி.

மின்சாரம் திரும்பியபின் அறைகள் தாமே எழவேண்டுமானால், தாய்க் கணிப்பொறியின் 'ஆர்சி.கான்ஃப்' கோப்பில் 'ஜெயில்_எனேபிள்' என்பது 'ஆம்' என்று குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். கையால் தொடங்கிய அறை மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். இவ்வரி இல்லை என்பது முதல் மின்தடைக்குப் பிறகே தெரியவரும். புதிய அறை அமைத்த அன்றே, பணி குறைந்த நேரமாகப் பார்த்து, கணிப்பொறியை ஒருமுறை மூடித் திறந்து பார்த்துவிடுவதற்கு ஈடான உபாயம் வேறில்லை. அது காலை 8.30 மணியாக இராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மறுதொடக்கம் எப்போது தேவை?

அறைக்குள் ஒரு பணி மட்டும் திருத்தப்பட்டிருந்தால், 'ஜெஎக்ஸெக்' கட்டளையால் அறைக்குள் புகுந்து அப்பணியை மட்டும் மறுதொடக்கம் செய்தால் போதும், அறையைத் தொடவேண்டுவதில்லை. பல நிரல்களும் பகிர்ந்துகொள்ளும் நூலகக் கோப்புகள் புதுப்பிக்கப்பட்டால் அறையை மறுதொடக்கம் செய்யவேண்டும். ஏனெனில் ஓடும் நிரல்கள் பழைய நூலகத்தையே நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். வட்டில் பாதுகாப்புத் திருத்தம் வந்திருந்தும் ஓட்டத்தில் பழைய ஓட்டை அப்படியே இருக்கும். கெர்னலில் திருத்தம் வந்தாலோ அறைகளை எத்தனை முறை மறுதொடக்கம் செய்தும் பயனில்லை. கெர்னல் அறைகளுக்குச் சொந்தமானதன்று. தாய்க் கணிப்பொறியையே மூடித் திறக்கவேண்டும். அறையின் கோப்புகளைத் தாய்க் கெர்னலைவிடப் புதிய பதிப்பிற்கு உயர்த்துதலும் கூடாது. தாயை முதலிலும் அறைகளைப் பின்னரும் உயர்த்துக.

வகுப்பறையில் செய்துகாட்ட ஒரு சோதனை

ஃப்ரீ பி.எஸ்.டி. விலையின்றிக் கிடைப்பது. மேசைக் கணிப்பொறி ஒன்றில் மெய்நிகர் யந்திரமாக அதனை நிறுவி, 'பெர்சிஸ்ட்' என்று குறித்து ஓர் அறையை மட்டும் ஆசிரியர் அமைத்துக்கொள்ளலாம். இச்சோதனைக்கு 'எக்ஸெக்.ஸ்டாப்' வரி வேண்டாம். மாணவர்கள் இரண்டு சிறு ஷெல் நிரல்களை எழுதுக. இரண்டும் நொடிக்கு ஒருமுறை அப்போதைய நேரத்தைத் தத்தம் கோப்பில் ஒரு வரியாக எழுதவேண்டும். முதல் நிரல், 15-ஆம் எண் சமிக்ஞை வந்ததும் 'முற்றும்' என்று ஒரு வரி எழுதி முடியவேண்டும். இரண்டாவது அச்சமிக்ஞையைப் பொருட்படுத்தலாகாது. இரண்டையும் அறைக்குள் பின்னணியில் ஓடவிட்டு, வெளியிலிருந்து சிறிய 'ஆர்' எழுத்துடன் 'ஜெயில்' கட்டளையால் அறையை நிறுத்தி, கடிகாரத்தைப் பார்க்கச் சொல்க.

அறை நிற்க ஏறத்தாழ 10 நொடி ஆகும். முதல் கோப்பு 'முற்றும்' என்னும் வரியோடு முடிந்திருக்கும். இரண்டாவது கோப்பில் அதற்குப் பிறகும் ஏறத்தாழப் பத்து வரிகள் இருக்கும். இறுதி வரி எதுவுமின்றி அது நின்றுபோயிருக்கும். 'ஸ்டாப்.டைம்அவுட்' அளவை 30 ஆக்கித் திரும்பவும் செய்தால், இரண்டாவது கோப்பில் வரிகள் முப்பது அளவிற்கு மிகும். முதல் கோப்பில் மாற்றமில்லை. பின்னர் இரண்டாம் நிரலை நீக்கிவிட்டு முதலாவதை மட்டும் ஓடவிட்டால், அறை உடனே நிற்பதைக் காணலாம்.

கடைசியாக அந்த அளவைச் சுழியமாக்குக. சுழியம் என்றால் வேண்டுகோளே அனுப்பப்படாமல் அறை நேரே நீக்கப்படும். இம்முறை முதல் நிரலின் கோப்பைத் திறந்து பார்க்குமாறு மாணவர்களிடம் சொல்க. அதிலும் 'முற்றும்' என்னும் வரி இராது.